மொத்த வோல்ட்டை மட்டும் நம்பாதீர்கள்: வீட்டு சோலார் பேட்டரிக்குக் காவல்

ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கூட்டம் வரும். செங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடி சோலார் பேனல்கள் தூங்கிவிடும். ஒரு சாரல் வாரம் கழிந்து வெயில் அடித்த அன்று, என் பேட்டரி நிறைவதற்குள் சார்ஜ் நின்றுபோனது. நான் வைத்த உச்சம் 55.2 வோல்ட், மீட்டர் காட்டியதோ 54.6. செல் செல்லாகப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பதினைந்து செல்கள் 3.40-இல் நிற்க, ஏழாவது மட்டும் 3.60-ஐத் தொட்டிருந்தது. ஒரு செல் எல்லையைத் தொட்டாலும் சார்ஜை நிறுத்திவிடும் காவல் சுற்றான பிஎம்எஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

இங்கே சொல்பவை 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கானவை. லெட் ஆசிட் வைத்திருப்பவர்கள் இந்த எண்களைத் தொட வேண்டாம்.

முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள், ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். செல்களை அளக்கும் மெல்லிய கம்பிகளை இணைக்கும்போது அவற்றின் பிளக் பிஎம்எஸ்ஸில் செருகப்பட்டிருக்கக் கூடாது. இணைத்து முடித்ததும் மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பிளக்கின் முதல் பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்: 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏற வேண்டும். 3.3-க்கு அடுத்து 9.9 வந்தால் கம்பி மாறிவிட்டது. அப்படியே செருகினால் பிஎம்எஸ் புகைந்துவிடும்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே டிசி (நேர்மின்னோட்ட) ஃபியூஸ் வேண்டும். 3 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு 100 ஆம்பியரும் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் போதும். வீட்டு மாறுமின்னோட்டத்துக்கான (ஏசி) எம்சிபி சுவிட்சை இங்கே மாட்டாதீர்கள்; டிசியில் பொறி எளிதில் அணையாது.

அடுத்தது எல்லைகள். பிஎம்எஸ் கடைசிக் காவல்காரன். தினமும் அவனை எழுப்பக் கூடாது. ஆகவே சார்ஜர் 55.2-இல் நிற்கட்டும், இன்வெர்ட்டர் 48-இல் அணையட்டும். பிஎம்எஸ்ஸில் ஒரு செல்லுக்கு மேல் எல்லை 3.60, கீழ் எல்லை 2.80. வெப்ப உணரியை நடுச் செல்லின் பக்கவாட்டில் ஒட்டி, 50 டிகிரியில் சார்ஜ் நிற்கும்படி வையுங்கள்.

வைத்ததோடு விடாமல் சோதித்துப் பாருங்கள். பேனல் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்வாரிய கரன்ட்டில் குறைந்த ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுங்கள். பேனல் ஓடும்போது பேட்டரி துண்டிக்கப்பட்டால் பேனலிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சில கன்ட்ரோலர்கள் பழுதாகும். பிறகு மேல் எல்லையை அப்போதைய செல் வோல்ட்டுக்குக் கீழே இறக்குங்கள். சில நொடிகளில் சார்ஜ் நிற்க வேண்டும். நின்றதும் பழைய எண்ணைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, பேட்டரி பழுது என்று இரண்டு நாள் புலம்பியிருக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டும் பாருங்கள். ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். மற்றவை 3.27-இல் இருக்க ஒன்று மட்டும் 3.21-க்கு இறங்கி, அணைத்ததும் சமமானால் குற்றம் பெரும்பாலும் செல்லில் இல்லை, நட்டில்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரைத் தேய்த்துத் துடைத்து, நட்டை இறுக்குங்கள்.

என் ஏழாவது செல்லுக்கு நோய் வேறு. செல்களைச் சமன்செய்யும் சுற்று 3.40-க்கு மேல்தான் விழிக்கும். சாரல் நாட்களில் பேட்டரி அந்த உயரத்தை எட்டுவதே இல்லை. இப்போதெல்லாம் சாரல் பருவத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மின்வாரிய கரன்ட்டில் மெதுவாக நிரப்பி, செல்களுக்கு இடையே வித்தியாசம் 20 மில்லிவோல்ட்டுக்குள் வரும்வரை விட்டுவைக்கிறேன். முதல் தடவை அதற்கு இரண்டு நாள் பிடித்தது.