எஞ்சினை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்காதீர்கள்: பின்சக்கர இயக்கக் காரை மாற்றியமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவறான எஞ்சின் ஒரு நல்ல காரை என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1976-இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 வந்தது. 3.5 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர இயக்கம், பார்த்தவுடன் பிடித்துப்போகும் வடிவம். 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. அதே உடலைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆனால் அதன் பானெட்டுக்குக் கீழே இருந்தது 1940-களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காரின் வழிவந்த பழைய 2 லிட்டர் எஞ்சின். விலை அதிகம், இழுவை குறைவு. 1988-க்குள் அந்தக் கார் முடிந்துபோனது.

அதே காலத்தில் வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான காண்டெஸா காருக்கும் கிட்டத்தட்ட அதே தலைவிதிதான் காத்திருந்தது. முதலில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினை வைத்தே அதை விற்றார்கள். அவ்வளவு பெரிய உடலை அது தள்ளிக்கொண்டுதான் போனது. பிறகு 1.8 லிட்டர் இசுஸு எஞ்சின் வந்தது. கூடவே ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸும் வந்தது. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. காண்டெஸாவைக் காப்பாற்றியது எஞ்சின் மட்டும் அல்ல, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த ஜோடி. இன்று பழைய காண்டெஸாவையோ, பிரீமியர் 118என்இ-யையோ, மாருதி ஜிப்ஸியையோ வாங்கி வேகமான வண்டியாக்க நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்த எஞ்சின் போடலாம்?” என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

குதிரைத்திறன் என்ற ஒற்றை எண்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. குதிரைத்திறன் தனியாக நிற்கும் ஒரு குணம் அல்ல. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி ஏறக்குறைய 7120-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அது. ஆகவே அதே எண்ணை இரண்டு வழிகளில் எட்டலாம்: நிறைய முறுக்குவிசையைக் குறைந்த சுற்றில் தரலாம், அல்லது குறைந்த முறுக்குவிசையை மிக அதிகச் சுற்றில் தரலாம். ஹோண்டா எஸ்2000 காரின் 2 லிட்டர் எஃப்20சி எஞ்சின் இரண்டாவது வகை. 9000 சுற்று வரை பாடிக்கொண்டே போகும் அற்புதமான எஞ்சின் அது. ஆனால் அதன் முழு உயிரும் 6000 சுற்றைத் தாண்டித்தான் விழிக்கிறது. கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் வரை மாலை நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். அந்த 6000 சுற்று உங்கள் கண்ணிலேயே படாது. மறுபுறம் இன்னோவா கிரிஸ்டாவில் வந்த 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. ஆனால் அது 4000 சுற்றிலேயே 245 நியூட்டன் மீட்டர் தருகிறது. நீளவாக்கில் பொருத்தப்பட்டு, பின்சக்கரத்தை ஓட்டவே பிறந்தது. உதிரிபாகம் கேட்டு ஜப்பானுக்கு எழுத வேண்டியதில்லை.

காகிதத்தில் உள்ள எண்களையும் அப்படியே நம்பக் கூடாது. 1990-களில் ஜப்பானிய நிறுவனங்கள் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ, நிஸானின் ஆர்பி26 இரண்டுக்கும் அதே 280 என்று எழுதப்பட்டதற்குக் காரணம் அதுதான். 1972-க்கு முந்தைய அமெரிக்க எஞ்சின்களின் எண்கள் நேர்மாறு. ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் இல்லாமல் அளந்து எழுதியவை அவை.

அடுத்து டிஃபரன்ஷியல், அதாவது பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரத் தொகுதியின் கணக்கு. ஒரு தாளும் பேனாவும் போதும், ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் போடுவதில்லை. டயர் ஒரு முறை சுழன்றால் 1.95 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நிமிடத்துக்கு 1000 மீட்டர் போகிறது. சக்கரம் சுமார் 513 முறை சுழல்கிறது. டிஃபரன்ஷியல் விகிதம் 3.9 என்றால், அதாவது சக்கரம் ஒருமுறை சுழல அதற்கு வரும் தண்டு 3.9 முறை சுழல வேண்டுமென்றால், அந்தத் தண்டும் எஞ்சினும் ஒரே வேகத்தில் சுழலும் ஒன்றுக்கு ஒன்று கியரில் எஞ்சின் ஏறக்குறைய 2000 சுற்றில் ஓடும். இப்போது இதே அச்சுக்கு முன்னால் 4000 சுற்றில் மூச்சு முட்டிவிடும் ஒரு பழைய டீசல் எஞ்சினையும், கடைசி கியரே ஒன்றுக்கு ஒன்றாக உள்ள நான்கு கியர் பெட்டியையும் வையுங்கள். 120 கிலோமீட்டரில் கதை முடிந்தது. அதே இடத்தில் 9000 சுற்று எஞ்சினை வைத்தால், எட்டவே முடியாத 270 கிலோமீட்டர் வேகத்துக்கான கியரைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு சிக்னலிலும் தவழ வேண்டியிருக்கும். இரண்டிலுமே குறை எஞ்சினில் இல்லை.

லிட்டரைப் பார்த்து எடையை ஊகிப்பது

“வி8 போட்டால் மூக்கு கனத்துவிடும், சின்ன எஞ்சின்தான் நல்லது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். லிட்டர் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் வெற்றிடத்தின் அளவுதான். அந்த வெற்றிடத்துக்கு எடை கிடையாது. எடை வார்ப்பில் இருக்கிறது. 1997-இல் அமெரிக்காவின் கார்வெட் காரில் வந்த 5.7 லிட்டர் வி8 எஞ்சினான எல்எஸ்1-இன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி, அலுமினியம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சிறியது, உயரமும் அகலமும் அடக்கம். 3 லிட்டர் 2ஜேஇசட்-இன் பிளாக் வார்ப்பிரும்பு. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நீண்டு நிற்கும். மேலே இரண்டு கேம், பக்கத்தில் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ. இரண்டையும் தராசில் வைத்தால் சிறிய லிட்டர்தான் கனமாக இருக்கும். வெளிநாடுகளில் மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் ரோட்டரி எஞ்சினை எடுத்துவிட்டு எல்எஸ் பொருத்தும் வழக்கம் பரவியதற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம்.

எடையின் அளவைவிட அது எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். முன் அச்சுக்கு முன்னால் தொங்கும் 30 கிலோவும், அச்சுக்குப் பின்னால் தடுப்புச் சுவரை ஒட்டி உட்காரும் 30 கிலோவும் ஒன்றல்ல. முதலாவது, வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டியை நேராகவே இழுக்கும். வரிசை ஆறு சிலிண்டர் வாங்குபவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். காண்டெஸாவின் மூதாதையான வாக்ஸ்ஹால் எஃப்இ வரிசையில் வென்டோரா என்ற வகைக்கு 3.3 லிட்டர் வரிசை ஆறு எஞ்சின் இருந்தது. ஆகவே நீளத்துக்கு இடம் கிடைத்துவிடும். இடம் கிடைத்துவிட்டது என்பதால் சமநிலையும் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

பாதி எஞ்சின் வாங்குவது

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு காண்டெஸாவுக்காக டொயோட்டாவின் 2.5 லிட்டர் டர்போ எஞ்சினான 1ஜேஇசட் ஒன்றை வாங்கினோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது. கையால் சுழற்றினால் சுழன்றது. அம்பத்தூரில் நண்பரின் ஷெட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் இல்லாதவற்றைக் கணக்கெடுத்தோம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இல்லை. வயரிங்கைக் கனெக்டரோடு கழற்றாமல் வெட்டியிருந்தார்கள். இரண்டு சென்ஸார்கள் உடைந்திருந்தன. விற்றவர் போனை எடுக்கவில்லை. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் ஆழமான பகுதி எங்கள் வண்டியின் குறுக்குச் சட்டத்தில் நேராக இடித்தது. அதே எஞ்சின் வெவ்வேறு கார்களில் வந்தபோது சம்ப் வெவ்வேறு இடத்தில் இருந்தது என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. பதினான்கு மாதம் அது தார்ப்பாயின் கீழேயே கிடந்தது. அந்தப் பதினான்கு மாதமும் ஓடிக்கொண்டிருந்த ஒரு நல்ல கார் ஓடாமல் நின்றது என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

எஞ்சின் வாங்கும்போது அதன் கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்குங்கள். முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காக உட்கார்ந்திருந்த எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைப்பதாக இருந்தால், பெல் ஹவுசிங் போல்ட் துளைகள், கிளட்ச் பிளேட்டின் பற்கள், பைலட் பேரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் பக்கம், தண்ணீர்க் குழாய் வெளிவரும் திசை எல்லாமே புதுப் பிரச்சினைகள். லேத் பட்டறையில் அடாப்டர் தகடு செய்துவிடலாம். நம் ஊர் லேத் தொழிலாளர்களின் கைத்திறன் அப்படி. ஆனால் கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் அழத் தொடங்கும். எந்தக் காரைக் கொடையாளியாக எடுக்கலாம் என்று யோசிக்கும்போது, நீளவாக்கு எஞ்சினும் அதற்கேற்ற கியர்பாக்ஸும் இந்தியாவிலேயே ஜோடியாகக் கிடைக்கும் ஜிப்ஸி, ஜிம்னி, தார் பெட்ரோல், இன்னோவா கிரிஸ்டா பெட்ரோல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். புகழ்பெற்ற ஜப்பானியப் பெயர்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலோ வேறு எங்கோ பழைய எஞ்சின் பார்க்கப் போனால், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை உங்கள் கையோடு கொண்டுபோங்கள். எல்லாச் சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படலம் இருக்கிறதா, பிளக் முனை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் எண் சுரண்டப்பட்டிருந்தால் விலை எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

சென்னை வெயிலும் சென்னைப் பெட்ரோலும்

கத்திரி வெயிலில் 40 டிகிரி காற்றை இழுக்கும் எஞ்சினுக்கு, 25 டிகிரியில் கிடைப்பதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவான காற்றே கிடைக்கிறது. டர்போ அதை அழுத்தும்போது இன்னும் சூடாகிறது. பலர் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து, வண்டி நகரும்போது குளிரும் என்று நம்புகிறார்கள். வண்டி நகர்ந்தால்தானே? கிண்டியில் இருபது நிமிடம் நிற்கும்போது ரேடியேட்டருக்கு வருவது இன்டர்கூலரின் சூட்டையும் வாங்கிய காற்று. பழைய காரின் ரேடியேட்டர் அதன் பழைய எஞ்சினுக்கு அளந்து செய்யப்பட்டது. இரண்டு மடங்கு சக்தி என்றால் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு உயரும். ரேடியேட்டர், இரட்டை விசிறி, விசிறியைச் சுற்றிய மூடு, ஆயில் கூலர் ஆகியவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தீர்மானிக்க வேண்டும்.

பெட்ரோல் இதைவிட நுட்பமான விஷயம். ஜப்பானிய டர்போ எஞ்சின்கள் அந்த நாட்டு உயர்தரப் பெட்ரோலுக்காக அமைக்கப்பட்டவை. அதன் ஆக்டேன் 98 முதல் 100 வரை. நம்மிடம் பிஎஸ்-6 விதிப்படி சாதாரணப் பெட்ரோல் 91. 20 சதவீத எத்தனால் கலந்தபின் 95 வரை உயர்ந்திருப்பதாக மத்திய அரசு கூறுகிறது. 100 ஆக்டேன் பெட்ரோல் சில பெட்ரோல் நிலையங்களில் மட்டுமே கிடைக்கிறது. ஆக்டேன் போதாவிட்டால் நாக்கிங் வரும், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாகவே வெடிக்கும். டர்போவில் அது பிஸ்டனின் விளிம்பை உடைத்துவிடும். எத்தனாலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுத்தப் பெட்ரோலுக்குக் காற்று எரிபொருள் விகிதம் 14.7, 20 சதவீத எத்தனாலுக்கு ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாக எரிபொருள் வேண்டும். மெதுவாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்ஸார் இதை ஓரளவு சரிசெய்துகொள்ளும். முழு ஆக்ஸிலரேட்டரில் பழைய ஈசியூ தன் பழைய கணக்கையே பின்பற்றும். எரிபொருள் எப்போது மிக அதிகமாகத் தேவையோ அப்போதுதான் அது குறையும். ஆகவே ஈசியூவை இங்குள்ள பெட்ரோலுக்கு மறுபடி அமைப்பதற்கான செலவை எஞ்சின் விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் வண்டியானால் ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வண்டியின் டேங்க், கடலோர நகரத்தில் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

பிரேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று. பின்னால் டிரம் பிரேக்கும், இரு சக்கரங்களையும் ஒரே விறைப்பான அச்சில் இணைக்கும் பழைய லைவ் ஆக்ஸிலும் உள்ள காரில், அவற்றைத் தொடும் முன் எஞ்சினைத் தொடாதீர்கள்.

ஆர்சி புத்தகத்தில் என்ன இருக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனம் மாறக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. பதிவில் இல்லாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கக்கூடும். அடிபட்டவரின் குடும்பத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ‘யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. சாலையில் ஓட்டுவதானால் அதே எஞ்சினை நன்றாகப் புதுப்பியுங்கள், அல்லது அதே வகை எஞ்சினை வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியோடு மாற்றிப் பதிவுசெய்யுங்கள்.

வேறு எஞ்சின்தான் வேண்டுமானால் அது பந்தயத் தடத்துக்கான வண்டி. நமக்கு அந்த வசதி உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் 3.7 கிலோமீட்டர் தடம் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குங்கள். போட்டியிலும் கலந்துகொள்ள எண்ணினால், எந்தப் பிரிவில் எத்தனை சிசி வரை அனுமதி என்று இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் விதிப்புத்தகத்தை முதலில் படித்துவிடுங்கள்.

எங்கள் காண்டெஸாவில் இப்போது இருப்பது அதன் சொந்த இசுஸுதான். சிலிண்டர்களைக் கடைந்து, ஹெட்டைச் சமன்செய்து, புது ரேடியேட்டரும் முன் டிஸ்க்குகளும் போட்டோம். 1ஜேஇசட்டை, அதற்குரிய கியர்பாக்ஸும் ஈசியூவும் ஏற்கெனவே வைத்திருந்த கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் தன் தட வண்டிக்காக வாங்கிக்கொண்டார். மே மாதம் பகல் இரண்டு மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் ஊர்ந்து சென்றபோதும் காண்டெஸாவின் வெப்பமானி முள் நடுவிலேயே நின்றது.