வேலூர் வீட்டின் தொட்டிச் செடிகள்: விடுமுறைக்கு வருவோர் அறிய வேண்டியவை

குளிர்நாட்டில் வாரம் ஒருமுறை நீர் ஊற்றிப் பழகியவர் மே மாதத்தில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ உள்ள பெற்றோர் வீட்டில் வந்து இறங்கியதும், நண்பகல் வெயிலில் துவண்டு நிற்கும் செம்பருத்தியைக் கண்டு பதறிக் குழாயைத் திறந்துவிடுவார். அந்த நேரத்தில் அதைச் செய்யக் கூடாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வெயில் படும் குழாயிலும் பகல் முழுவதும் காய்ந்த தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வரும். அது வேரைக் கருக்கிவிடும். அக்கினி நட்சத்திர நாள்களில் காலை ஏழு மணிக்குள் நீர் ஊற்றுவதே நல்லது.

நண்பகலில் துவண்ட இலை வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பொருள். விடியற்காலையிலும் துவண்டே இருந்தால், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றலாம். ஈரமாக இருந்தும் செடி துவண்டிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம், அப்போது மேலும் ஊற்றுவது அதைக் கொன்றுவிடும். ஒரு கோடையில் நான் ஊருக்கு வந்திருந்தபோது அம்மாவின் துளசிக்கு மூன்று வேளையும் நீர் ஊற்றி, பத்தே நாளில் அதை இழந்தேன். அதன் பிறகு, வந்த முதல் நாளே அம்மாவுடன் மாடிக்குப் போய், எந்தச் செடிக்கு எத்தனை சொம்பு என்று கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. கற்றாழைக்கும் மருளுக்கும் மண் முழுவதும் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். இப்பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீரில் உப்பு மிகுதி. மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளையாகப் படிவது அதுதான். கடின நீரையே நெடுங்காலம் ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை கூடி, இரும்புச்சத்து இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாமல், இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளித்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவோர் பலர். ஆனால் உப்பு திரண்டு நிற்பது அந்த நீரில்தான். மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. அதைப் போர் தண்ணீருடன் கலந்து ஊற்றலாம். மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். நீரை மட்டும் கொட்டினால் போதாது, ஏனெனில் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் உலர்ந்தும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். வாரம் ஒருமுறை நார் வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மணி பிளாண்ட் வைத்த கண்ணாடிப் புட்டிக்கும் இதே விதி. இந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதால், மாடியில் வேலை செய்யும்போது முழுக்கைச் சட்டை அணியுங்கள்.

நாள்பட்டு அசையாமல் இருந்த தொட்டிக்கு அடியில் தேள் இருக்கக்கூடும். விரலை அடியில் நுழைக்காமல், விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்த்தால், மறைந்திருப்பது எதிர்ப்பக்கம் ஓடும். கைப்பிடிச்சுவரின் மேல் தொட்டி வைக்க வேண்டாம். வீட்டுக்குள் சுவிட்ச் பெட்டிக்கு மேலோ அருகிலோ செடி தொங்கினால் உடனே இடம் மாற்றுங்கள். ஈரக் கையும் 230 வோல்ட்டும் சேரக் கூடாது. வழவழப்பான தரையில் சிந்திய நீரை அப்போதே துடைத்துவிடுங்கள். முதியவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்குக் கையளவு நீர் போதும்.

வெளிநாட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு அரளி அழகிய பூச்செடியாகத் தெரியும். செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மணி பிளாண்ட் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். அரளியின் இலையோ விதையோ வயிற்றுக்குள் போனதாக ஐயம் எழுந்தாலும் காத்திராமல் 108-ஐ அழைத்து, அந்தச் செடியின் கிளை ஒன்றையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

புறப்படும் வாரத்தில் தொட்டிகளை ஒன்றாகச் சேர்த்து நிழலுக்கு நகர்த்தி, மண்ணின் மேல் தேங்காய் நார்க்கழிவைப் பரப்பிவிட்டால் ஈரம் கூடுதல் நாள் தங்கும். வாளித் தண்ணீரிலிருந்து பழைய வேட்டித் துணியைத் திரியாக இழுத்து மண்ணில் புதைக்கலாம். வாளியை இடைவெளி இல்லாமல் மூடிக் கட்ட வேண்டும், இல்லையேல் கொசு வளர்ப்பதாகிவிடும். திரியின் வேகம் மண்ணுக்கு மண் மாறும் என்பதால், ஊருக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பே அதை அமைத்து, மண் சேறாகாமல் ஈரம் மட்டும் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.