குப்பை அள்ளும் டிரோன்: ஊருணிக் கரையில் தவிர்க்க வேண்டியவை

சென்ற மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊருணிக் கரையில், தானியங்கி டிரோனைக் கொண்டு குப்பை அள்ள முயன்ற இளைஞர்கள், நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை வரிசை மாறாமல் செய்வதைக் கண்டேன். இறக்கையை மாற்றி மாட்டுவது போன்றவற்றை ஒரே நாளில் திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாழப் பறந்து அள்ளுவது

டிரோன் அந்தரத்தில் நிற்க வேண்டுமானால், தன் எடைக்கு ஈடான விசையோடு காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். ஆறு கிலோ எடையுள்ள எங்கள் டிரோன் இடுக்கியோடு மூன்றடி உயரத்துக்கு இறங்கியபோது, ஐந்தாறு கிராம்கூடத் தேறாத கேரி பைகள் நாலாபுறமும் சிதறின. கரையில் ஒரே குவியலாகக் கிடந்தவற்றில் பாதி படித்துறையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தன. மேலெழும்பிய ஒரு பை இறக்கையில் சுற்றிக்கொள்ள, டிரோனும் பின்னாலேயே மூழ்கியது. அது போனதைவிட, குடத்தோடு இறங்கிக் குடிநீர் எடுக்கும் ஊருணியில் நாங்களே குப்பையைத் தள்ளியதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. "அள்ளுறேன்னு வந்து உள்ள தள்ளிட்டீங்களேப்பா" என்றார் படியில் நின்ற ஆச்சி. கூடையோடு இறங்கி அரித்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

அள்ளுவதை மனிதரிடம் விட்டு, தேடுவதை டிரோனுக்குக் கொடுங்கள். நல்ல கேமராவில் 30 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தின் ஒரு புள்ளி, தரையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பை தெளிவாகத் தெரியும், காற்றும் அதைக் கலைக்காது. சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும் என்பதால், இடக்குறிப்போடு படத்தையும் தூய்மைப் பணியாளரின் கைப்பேசிக்கு அனுப்புங்கள். மிதப்பதை எடுத்தே தீரவேண்டுமானால், நீண்ட கயிற்றில் வலையைக் கட்டி உயரத்திலிருந்து இறக்குங்கள்.

திரும்பி வரும் உயரம்

தொடர்பு அறுந்தால் டிரோன் புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும். அப்போது அது பறக்கும் உயரத்தை, ஊரின் கோயில் கோபுரத்தைவிட உயரமாக வையுங்கள்.

மென்பொருளை அப்படியே நம்புவது

டிரோன் எடுத்த படத்தில் குப்பையை அடையாளம் காண, வேறெங்கோ எடுத்த படங்களில் பழகிய மென்பொருள், ஒரு வீட்டின் முற்றத்தில் வேட்டியில் காயவைத்திருந்த வடகத்தை பிளாஸ்டிக் என்று குறித்தது. நம் தெருக்களிலேயே படமெடுத்துப் பழக்குங்கள். மேலிருந்து பார்த்தால் முற்றம் என்பது வீட்டின் உள்ளே என்பதையும் மறவாமல், வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

அனுமதி

2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, 2 கிலோவுக்கு மேற்பட்டதை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும்.

காலம் தவறுவது

ஊருணியை மட்டும் படமெடுத்துவிட்டு, அதற்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்வாயை விட்டுவிடுகிறார்கள். குப்பை தங்குவது அங்கேதான். ஐப்பசி மழையின் முதல் வெள்ளம் அதை உள்ளே அடித்துவருவதற்கு முன், புரட்டாசியிலேயே கால்வாய் நெடுகப் பறந்து குறித்துக்கொண்டால், கால் நனையாமல் அள்ளிவிடலாம்.