எரர் கோடை அழிக்கும் முன்: அலுவலக பிரிண்டர் சர்வீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிண்டர் திரையில் எரர் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்ததும் சுவிட்சை அணைத்துப் போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. முதல் தவறும் அதுவே. எண்ணை, புள்ளிக்குப் பின்வரும் இலக்கத்தோடு சேர்த்து, முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஹெச்.பி. லேசர் பிரிண்டர்களில் 50 என்று தொடங்குபவை ஃபியூசர் (மைத்தூளைச் சூட்டால் உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்கும் பாகம்) கோளாறுகள்தாம் என்றாலும், 50.1 சூடு குறைவதையும், 50.2 சூடேறத் தாமதமாவதையும், 50.3 சூடு மிகுவதையும் குறிக்கின்றன. இம்மூன்றையும் ஒன்றாக எண்ணி ஃபியூசரையே மாற்றச் சொல்வது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதாகும்.

ஒரு ஜனவரியில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் காலைதோறும் 50.2 வந்துகொண்டிருந்தது. எனக்கு முன் வந்தவர் புது ஃபியூசருக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தார். மேசைக்கடியில் குனிந்து பார்த்தால், பிரிண்டரும் ரூம் ஹீட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தன. பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, ஃபியூசர் சூடேறத் தொடங்கிய கணத்தில் 210 வோல்ட் 176க்கு இறங்கியது. பிரிண்டரைச் சுவர் பிளக்குக்கு மாற்றியதோடு கோளாறு நின்றது. சிறிய யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரை இணைப்பதும் இதே வகைத் தவறுதான்.

குளிரையும் கணக்கில் கொள்ள வேண்டும். அலுவலக லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு அறையில் குறைந்தது 10 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உறைபனி விழும் ஊட்டியில் பூட்டிக்கிடந்த அறை காலையில் அந்த அளவை எட்டியிருக்காது. அறை சூடாகும்வரை காத்திருந்து ஆன் செய்தாலே சில எரர் கோடுகள் திரும்ப வருவதில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது, அணைத்துப் போட்டாலும் போகாத கோடுகளில்தான். கேனன் காப்பியர்களில் வரும் இ000, ரிக்கோவில் வரும் எஸ்.சி. 542 போன்றவை ஃபியூசர் சூட்டைப் பற்றியவை. பழுதுபார்ப்போருக்கென உள்ள சர்வீஸ் மோடில் நுழைந்து அழித்தாலன்றி இயந்திரம் இயங்காதபடி வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரையும் ஹீட்டரையும் சோதிக்காமல் கோடை மட்டும் அழித்து, "சரியாகிவிட்டது சார்" என்று கையெழுத்து வாங்கி வருவது பொறுப்பற்ற செயல். அதைவிடக் கொடியது, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் அறுந்திருக்க, அதை வயரால் நேரடியாக இணைப்பது. நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். 200 டிகிரியை ஒட்டிச் சூடாகும் உருளைக்கும் அதனடியில் செல்லும் காகிதத்துக்கும் இடையே கடைசிக் காவல் அந்த ஃபியூஸ்தான்.

ஹெச்.பி.யில் 49 என்று தொடங்கும் கோடு வந்தால், எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும் ஃபேக்டரி ரீசெட்டுக்கு ஓட வேண்டாம். லேன் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தபின் 'ரெடி' வந்தால், கணினியில் சிக்கிநிற்கும் ஏதோ ஒரு கோப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரீசெட் தவிர்க்க முடியாததானால், முன்னதாக, பிரிண்டரின் அமைப்புகளைக் காட்டும் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டு, ஐ.பி. முகவரியையும் ஸ்கேன் ஃபோல்டர் விவரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்க் பிரிண்டர்களில், வீணாகும் மையை உறிஞ்சிக்கொள்ளும் கழிவு மைப் பஞ்சு நிறைந்துவிட்டதாகக் காட்டினால், பிரிண்டர் வைத்திருக்கும் கழிவு மைக் கணக்கைச் சாஃப்ட்வேரால் பூஜ்யமாக்குவது எளிது. ஆனால் பஞ்சு அதே பஞ்சுதான். ஈரம் குறையாத நம் மழைக்காலத்தில் அது மெல்லவே உலரும். பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் மாற்றினால் மை கீழே கசிந்து, மேசையிலிருக்கும் பதிவேடுகளில் ஊறும்.