ஏசி குளிர் எங்கே கசிகிறது? ஊதுபத்தி காட்டிக்கொடுக்கும்

படுக்கையறைக் கதவு, ஜன்னல்களைச் சாத்தி, ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்துங்கள். ஒட்டியுள்ள குளியலறையின் கதவைத் திறந்துவைத்து, அங்குள்ள எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை ஜன்னல் சட்டம், கதவின் அடி, ஏசி குழாய் சுவரில் நுழையும் துளை என ஒவ்வோர் இடமாகக் காட்டுங்கள். நேராக எழும் புகை எங்கே சட்டென்று அறைக்குள் வளைகிறதோ, அங்கேதான் கசிவு.

ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது அறையின் அழுத்தம் சற்றுக் குறைகிறது. அதை ஈடுகட்ட வெளிக்காற்று இடுக்குகள் வழியே உள்ளே பாய்கிறது. வல்லுநர்கள் வாசலில் பெரிய விசிறி பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் கசிவை அளப்பதும் இதே தத்துவத்தில்தான். நம் முறையில் அளவு கிடைக்காது, இடம் தெரிந்துவிடும், அது போதும். கசிவை அடைக்க ஜன்னலுக்கு ஃபோம் டேப், குழாய்த் துளைக்குப் புட்டிப் பசை (putty), கதவடிக்கு ரப்பர் பட்டை. (பெரும்பாலும் கதவடிதான் குற்றவாளி.)

காற்று பலமாக வீசும் நாளில் புகையை நம்ப முடியாது. கேஸ் கீசர் உள்ள குளியலறையிலும் சமையலறையிலும் காற்றுவழியை அடைக்கவே கூடாது; கார்பன் மோனாக்சைடு தேங்கினால் உயிருக்கே ஆபத்து.