கோப்போடு குறிப்பையும் ஒட்டிவைக்க

திருக்கோணேஸ்வரத்துப் படங்களின் இடம், ஆண்டு எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே திணிக்கத் தேவையில்லை; ‘பண்பு’ எனப்படும் குறிப்பாகக் கோப்போடு ஒட்டிவைக்கலாம். லினக்ஸில் ‘செட்எஃப்ஆட்டர்’ கட்டளையில் மைனஸ் என் போட்டுப் பண்பின் பெயரையும், மைனஸ் வி போட்டு மதிப்பையும், கடைசியில் கோப்பையும் கொடுங்கள். பண்புப் பெயர் ‘யூசர்’ என்ற சொல், அடுத்து ஒரு புள்ளி என்றே தொடங்கவேண்டும். வெறும் ‘இடம்’ என்றால் கட்டளை ஏற்காது.

‘கெட்எஃப்ஆட்டர் மைனஸ் டி’ எழுதியதைக் காட்டும். தமிழ் மதிப்பு புரியாத எழுத்துக்கோவையாக வந்தால் பதறவேண்டாம், ‘மைனஸ் ஈ டெக்ஸ்ட்’ சேருங்கள். லினக்ஸில் பரவலான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் எல்லாப் பண்புகளுக்கும் சேர்த்துப் பொதுவாக 4096 பைட்டே இடம். யூடிஎஃப்-8இல் ‘கோ’வுக்கே 6 பைட் போகும், ஆகவே கட்டுரை எழுதாதீர்கள்.

குறிப்புகள் தொலைவது பெரும்பாலும் பிரதியெடுக்கையில்தான். பிரதியெடுக்கும் கட்டளையான ‘சிபி’ வெறுமனே அவற்றை விட்டுவிடும். ‘சிபி மைனஸ் ஏ’ கொண்டுபோகும். இன்னொரு பிரதிக் கட்டளையான ‘ஆர்சிங்க்’குக்கு மைனஸோடு பெரிய எழுத்து எக்ஸ் வேண்டும். ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையுள்ள பென்டிரைவில் இந்தக் குறிப்பு எதுவும் தங்காது.