செவி நரம்புக் கட்டி: எந்த வழியில் அறுவை என்று முடிவெடுக்கும்போது நேரும் தவறுகள்

உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வளரும் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். வருடக்கணக்கில் வளராமலே இருப்பதும் உண்டு. ஸ்கேனில் பார்த்ததும் பதறிப்போய் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதுதான் முதல் தவறு. மூளைத்தண்டை அழுத்தாத சிறிய கட்டி என்றால், சில மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கலாம். கதிர்வீச்சு சிகிச்சை பொருந்துமா என்றும் கேட்கலாம்.

அடுத்தது, காது கேட்குமா என்பதை மட்டும் வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பது. டிரான்ஸ்லாபிரிந்தைன் முறையில் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்காதின் வழியாகவே கட்டியை அடைகிறார்கள். 1960-களில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹவுஸ் மைக்ரோஸ்கோப்பின் துணையோடு இதை வளர்த்தெடுத்தார். அந்தக் காதில் கேட்கும் திறன் முழுவதுமாகப் போய்விடும். இதைக் கேட்டதுமே பலர் வேண்டாம் என்று விடுகிறார்கள். ஆனால் இந்த வழியில் சிறுமூளையை அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை. முகத்தை அசைக்கும் முக நரம்பையும் கட்டியின் வெளி ஓரத்திலேயே அடையாளம் காண முடியும். அந்தக் காதில் போனை வைத்தால் சத்தம் மட்டும் கேட்டு, பேச்சு புரியவில்லை என்றால், இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் ஒலி அளவைச் சோதித்தால் மட்டும் போதாது, சொற்கள் எந்த அளவுக்குப் புரிகின்றன என்ற சோதனையும் அவசியம்.

கேள்திறன் நன்றாக இருந்து, கட்டி சிறிதாக, இந்த நரம்பு போகும் எலும்புக் குழாய்க்குள்ளேயே இருந்தால், காதுக்கு மேலிருந்து போகும் நடுக்குழி வழி உண்டு. தலையின் பின்பக்கமாகப் போகும் ரெட்ரோசிக்மாய்டு முறை பெரிய கட்டிக்கும் உதவும், கேள்திறனைக் காக்கவும் முயலலாம். ஆனால் அந்த எலும்புக் குழாயின் அடிமுனை அதில் சரியாகத் தெரியாது. பின்னால் தலைவலி நீடிக்கவும் கூடும்.

“முழுசா எடுத்துடுங்க” என்று டாக்டரை நெருக்குவதுதான் எனக்கு மிகக் கவலை தரும் தவறு. பெரிய கட்டியில் முக நரம்பு ரிப்பன் போல மெலிந்து அதன் மேல் ஒட்டிக் கிடக்கும். கடைசித் துணுக்கையும் உரிக்கப் போனால் முகம் ஒரு பக்கம் கோணிவிடலாம். மெல்லிய படலத்தை விட்டுவிட்டு ஸ்கேனில் கண்காணிப்பது பல நேரம் நல்ல முடிவு. அறுவை நடக்கும்போது முக நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்குமா, காது மருத்துவரும் நரம்பு அறுவை மருத்துவரும் சேர்ந்து செய்வார்களா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

காதிரைச்சல் அறுவையோடு நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம், நிற்காமலும் போகலாம். அறுவைக்குப் பின் தலைச்சுற்றலுக்குப் பயந்து படுத்தே கிடந்தால் சமநிலை திரும்பத் தாமதமாகும். துணையோடு நடக்கத் தொடங்க வேண்டும். முக நரம்பு தளர்ந்து கண் மூடவில்லை என்றால் சொட்டு மருந்தும் களிம்பும் விடாமல் போட வேண்டும். அப்புறம், குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் ஜலதோஷம் என்று விட்டுவிடக் கூடாது. அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம். மூளைக்காய்ச்சல் வர அதுவே வழியாகிவிடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.